பாவாயி தோற்க நினைத்த நாள்

தோற்பது இத்தனை கஷ்டமான காரியம் என்று பாவாயிக்கு அந்த நாள் வரை தெரியாது. ஜெயிக்கத்தான் வித்தை வேண்டும், தோல்வி என்பது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தன்னால் வந்து சேரும் என்று அவள் நினைத்திருந்தாள். பல மாதமாக அப்படித்தான் வந்து சேர்ந்துகொண்டும் இருந்தது.

எடப்பாடியை விட்டு வெளியே வரும் சாலையில் அவள் வேலை செய்யும் விசைத்தறிப் பட்டறை இருக்கிறது. பத்துத் தறி, ஐந்து பேர், ஆளுக்கு ஒரு ஜோடி. இரண்டு தறிகளுக்கும் நடுவே நின்றுகொண்டு, இந்தப் பக்கம் நூல் அறுந்தால் இப்படித் திரும்பி முடிச்சுப் போட வேண்டும், அந்தப் பக்கம் அறுந்தால் அப்படித் திரும்பிப் போட வேண்டும். எத்தனை மீட்டர் துணி விழுகிறதோ அதற்குத்தான் கூலி. இதில் சங்கடம் என்னவென்றால் தறிகளுக்குள் குணம் ஒத்துப்போவதில்லை. சன்னலோர ஜோடிக்குக் காற்று வரும், வெளிச்சம் வரும், சாலையில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே முடிச்சுப் போடலாம். நடுவில் இருக்கிற மூன்று ஜோடிகளும் சுமார். மேற்குச் சுவரை ஒட்டி ஒரு ஜோடி இருக்கிறதே, அதற்குப் பட்டறையில் தனியாக ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுத முடியாது. அந்தத் தறியில் நூல் அறுவது சாதாரணம். குறுக்கே ஓடுகிற நாடா சில சமயம் தறியை விட்டே பறந்துபோய்ச் சுவரில் மோதி விழும்.

எந்த ஜோடி யாருக்கு என்பதில் மாதம் தவறாமல் சண்டை வந்தது. பட்டறையை இப்போது பார்த்துக்கொள்வது முதலாளியின் மகன் ஜெயபிரகாஷ். கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் படித்தவன். நாலு வருசப் படிப்பில் அவன் தலையில் தங்கியது விடுதியில் கற்ற போக்கர் ஆட்டம் மட்டும்தான் என்று அவன் அப்பாவே சொல்லுவார். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று மின்சாரத்தை நிறுத்துவார்கள் அல்லவா, அந்த நாளில் ஐந்து பேரையும் வட்டமாக உட்கார வைத்து ஒரு ஆட்டம் நடத்தினான் ஜெயபிரகாஷ். ஜெயித்தவர் முதலில் தறியைத் தேர்ந்தெடுக்கலாம், அடுத்தவர் அடுத்து, கடைசி ஆளுக்கு மிச்சம். காசு கிடையாது. செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடையில் வாங்கி வந்த ஒரு டப்பா சட்டைப் பொத்தான்தான் பந்தயம். முதலில் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் முதலாளியைத் திட்டுவதற்குப் பதிலாகச் சீட்டைத் திட்டிக்கொள்ளலாம் என்பது புரிந்ததும் சண்டை நின்றுவிட்டது.

ஆட்டம் சுலபம்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு, அது மற்றவருக்குத் தெரியாது. நடுவில் ஐந்து சீட்டு, அது எல்லோருக்கும் பொது. முதலில் மூன்று, அப்புறம் ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். ஏழு சீட்டையும் சேர்த்துப் பார்த்து யாருக்கு நல்ல ஐந்து அமைகிறதோ அவருக்குக் குவியல். சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு பேர் முறை வைத்துக் கொஞ்சம் பொத்தான் கட்டியாக வேண்டும். நேரம் ஆக ஆக அந்தக் கட்டு பெரிதாகிக்கொண்டே போகும். பிடிக்காத சீட்டைக் கவிழ்த்துவிடலாம். பிடித்துப்போய்விட்டால் முன்னால் இருக்கிற பொத்தான் மொத்தத்தையும் இரண்டு கையாலும் நடுவே தள்ளிவிட்டு ‘ஆல் இன்’ என்று சொல்லலாம். அதற்கு மேல் பேச்சில்லை. மற்றவர் துணிந்து ஈடு கட்டினால் சீட்டைத் திறந்து காட்ட வேண்டியதுதான்.

அந்த வார்த்தையைப் பாவாயி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

சொல்லக்கூடியவளும் இல்லை. சேலை எடுக்கப் போனால் மூன்று கடை ஏறி இறங்கி, முதல் கடைக்கே திரும்பி வந்து, அங்கேயும் எடுக்காமல் வீட்டுக்கு வருகிறவள். பஸ்ஸில் ஏறினால் இது எந்த ஊருக்குப் போகிறது என்று கண்டக்டரிடம் ஒருமுறை, பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள். அவளைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். கல்யாணமும் ஆகி, மகன் கல்லூரிக்கும் போய்விட்டான், பதில் மட்டும் இன்னும் வரவில்லை என்று அவள் வீட்டுக்காரர் முருகானந்தம் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் டவுன் பஸ் டிரைவர். அதனால் அவர் போகிற இடங்கள் கொஞ்சம் அதிகம்.

சீட்டிலும் பாவாயி அப்படித்தான். கையில் ராஜா வந்தால், எவனாவது ஆஸ் வைத்திருப்பான் என்று கவிழ்ப்பாள். ஆஸ் வந்தால், எவனாவது ஜோடி வைத்திருப்பான் என்று கவிழ்ப்பாள். அப்போதைய விதிப்படி பொத்தான் தீர்ந்தவருக்கு ஜெயபிரகாஷ் டப்பாவிலிருந்து மறுபடி அள்ளிக் கொடுத்துவிடுவான். மற்ற நான்கு பேரும் தீர்வதும் அள்ளுவதுமாக இருப்பார்கள். பாவாயி ஒருத்திதான் தீரவும் மாட்டாள், ஏறவும் மாட்டாள். கட்டுக் கட்டியே கரைந்து, மின்சாரம் வருகிற நேரத்தில் எல்லோரையும்விடக் குறைவாக வைத்திருப்பாள். கடைசி இடம். சுவரோர ஜோடி.

முதல் இரண்டு மாதம் அழாக்குறையாகத்தான் ஓட்டினாள். அப்புறம் ஆடி மாதத்தில் ஒரு காரியம் செய்தாள். தறி ரிப்பேர் பார்க்கிற மேஸ்திரி வீரன் பட்டறைக்கு வந்திருந்தபோது, அவருக்கு நாட்டுக்கோழிக் குழம்பு என்றால் உயிர் என்று கேள்விப்பட்டு, மறுநாள் ஒரு போசி நிறையக் கொண்டுவந்து வைத்தாள். மேஸ்திரி சாப்பிட்டுவிட்டு, மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, கையைக் கழுவின ஈரத்தோடு சுவரோரத் தறியின் அடியில் படுத்துப் பார்த்தார். தறியின் கால் ஒன்று தரையில் சரியாகப் பதியவில்லை. அதற்கு ஒரு இரும்புத் தகடு கொடுத்தார். நாடாவை அடித்துத் தள்ளுகிற இடத்தில் தேய்ந்துபோன தோலையும் கட்டையையும் மாற்றினார். அடுத்த வாரம் இன்னொரு போசிக்கு இன்னொரு தறி.

அன்றிலிருந்து அந்த ஜோடி தொட்டில் ஆடுகிற மாதிரி ஓடியது. நூல் அறுவதே அபூர்வம். அதற்கும் மற்ற தறிகளுக்கும் நடுவே, ஜெயபிரகாஷின் மேசையையும் மறைத்தபடி, நூல் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த மறைவில் பாவாயி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பழைய சேலையை நாலாக மடித்து மேலே விரித்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். வளைத்த கம்பியில் செல்போனைச் சாய்த்து வைத்துச் சீரியல் பார்த்தாள். கடலை உரித்தாள். வீட்டில் ஆறு பேர். அங்கே அவள் உட்கார்ந்தால் உடனே யாருக்காவது தண்ணீர் வேண்டியிருக்கும், யாருக்காவது சட்டை காணாமல் போயிருக்கும். டிவி ரிமோட் அவள் கைக்கு வந்ததே இல்லை. உலகத்தில் அவளை யாரும் எழுப்பாத இடம் அந்தத் தறிகளுக்கு நடுவில் மட்டும்தான் இருந்தது.

அதை மறைப்பதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நன்றாக ஓடுகிற தறியை வேண்டுமென்றே நிறுத்தி வைப்பாள், மீட்டர் கூடினால் சந்தேகம் வரும் அல்லவா. அவ்வப்போது எழுந்து நின்று, சனியன் பிடித்த தறி, என் உயிரை வாங்கத்தான் வந்து வாய்த்தது என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சத்தம் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வாள். எல்லோரும் அவளுக்காக இரக்கப்பட்டார்கள். பக்கத்து ஜோடியை ஓட்டும் உஷாராணி, வாய் நீளம் என்றாலும் மனசு நல்லவள், டீ வாங்கப் போனால் பாவாயிக்கு என்று தனியாக ஒரு வடை வாங்கி வருவாள். பாவாயி அதையும் தின்றுகொண்டு சீரியல் பார்த்தாள்.

கார்த்திகையில் வந்த மின்தடை நாளில் ஜெயபிரகாஷ் விதியை மாற்றினான். வாசலோரம் வெளிச்சத்தில், நூல் சுற்றுகிற இரண்டு பெரிய உருளைகளின் மேல் பலகையைப் போட்டு மேசை தயாராக இருந்தது. பொத்தான்களைச் சமமாகப் பிரித்து வைத்துவிட்டு அவன் சொன்னான்.

“இனிமே நெசமான டோர்னமெண்டுங்க. பொத்தான் தீந்தா வெளிய போயிரணும், மறுபடி குடுக்க மாட்டேன். முதல்ல வெளிய போறவங்கதான் கடைசி. ஆட்டம் முடியறதுக்குள்ள கரண்டு வந்துட்டா, கையில இருக்கற பொத்தானை வெச்சு வரிசை.”

பாவாயி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவள் பாட்டுக்குக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதி வெளியே போய்விடுவார்கள். அவள் நிலைத்து நிற்பாள். கடைசி இடம் வேறு ஒருவருக்குப் போகும். கூடவே தறியும், பெட்டியும், மடித்த சேலையும் போகும். அந்த ஆள் ஒரு நாள் ஓட்டினால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். ஆக, இன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் அவள் வெளியே போயாக வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது.

முதல் சீட்டைப் பார்த்தாள். ஏழும் இரண்டும். இதைவிட மட்டமான கை இந்த ஆட்டத்திலேயே கிடையாது என்று ஜெயபிரகாஷ் முன்பு சொல்லியிருந்தான். பாவாயிக்குச் சாமி கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் பொத்தான்களை நடுவே தள்ளினாள்.

“எல்லாமுங்க” என்றாள். ஆல் இன் என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

எதிரில் காத்தான் உட்கார்ந்திருந்தார். பட்டறையிலேயே மூத்தவர், முறுக்கின மீசைக்காரர், முழங்கால் வலியை வெளியே சொல்லாதவர். தன் சீட்டைப் பார்த்ததிலிருந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தவர், பொத்தானுக்கு நீட்டின கையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“பாவாயி தள்ளுதுன்னா அதுல சமாச்சாரம் இருக்குது. எனக்கு வேண்டாஞ் சாமி.”

அருணகிரி கவிழ்த்தான். பிரபா கவிழ்த்தாள். உஷாராணி ஒரு கணம் யோசித்துவிட்டு அவளும் கவிழ்த்தாள். கட்டியிருந்த பொத்தான்களை ஜெயபிரகாஷ் பாவாயியின் பக்கம் தள்ளிவிட்டு, என்னக்கா வைத்திருந்தீர்கள் என்று ஆசையாகக் கேட்டான். அவள் சீட்டைக் கட்டுக்குள் செருகிவிட்டாள்.

அடுத்த கையிலும் தள்ளினாள். அதற்கடுத்த கையிலும் தள்ளினாள். யாரும் கிட்டே வரவில்லை. இத்தனை மாதமாகக் கவிழ்த்துக் கவிழ்த்து அவள் சேர்த்து வைத்த நல்ல பெயர் ஊர்க்காவல் மாதிரி அவளைச் சுற்றி நின்றுகொண்டு ஒருவரையும் உள்ளே விடவில்லை. தோற்க உட்கார்ந்தவளுக்கு முன்னால் பொத்தான் குவிந்துகொண்டே போனது.

சரி, யாராவது நல்ல சீட்டு வைத்திருக்கும்போது பார்த்து மோதலாம் என்று காத்திருந்தாள். கிரிக்கெட் மேட்ச் முழுவதையும் மனசுக்குள்ளேயே ஆடிப் பார்க்கிறவன் அருணகிரி. ஒரு கையில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, நிறையப் பொத்தானை முன்னால் வைத்தான். வகையாக ஏதோ வந்திருக்கிறது என்று பாவாயிக்குத் தெரிந்தது. கையில் மூன்றும் எட்டும் இருக்க, எல்லாவற்றையும் தள்ளினாள். அருணகிரி நெற்றியைப் பிடித்துக்கொண்டான். சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். கடைசியில் இரண்டு ராஜாவை எல்லோருக்கும் காட்டியபடியே கவிழ்த்தான்.

“அக்காகிட்ட ரெண்டு ஆஸ் இருக்குதுங்க. சத்தியமா இருக்குது” என்றான்.

பெரிய ஆட்டக்காரர்கள்தான் இப்படிக் கவிழ்ப்பார்கள் என்று ஜெயபிரகாஷ் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். பாவாயிக்கு அழுகை வரும்போல இருந்தது.

இதற்கு நடுவே உஷாராணியும் அன்றைக்கு அடிக்கடி தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் துணிந்தவள் என்பதால் பாவாயி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தரம் உஷாராணி தள்ள, எல்லோரும் கவிழ்க்க, அவள் சீட்டைத் திருப்பித் தரும்போது விரல் தடுக்கி அது மல்லாந்து விழுந்தது. இரண்டும் ஏழும். ஐயோ போச்சு என்று அவள் அள்ளி மறைத்துக்கொண்டாள். சரியான கேடி என்று எல்லோரும் சிரித்தார்கள். பாவாயி சிரிக்கவில்லை. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஒருவர் எதற்காகத் தள்ளுவார் என்பது அந்த மேசையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு ஆட்டம் கழித்துக் காத்தான் மீசையை நன்றாக முறுக்கிவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளினார். ஜோடி ராணி வைத்திருந்தார். பட்டறையில் எல்லோருக்கும் இளையவள் பிரபா. சொந்தமாகத் தறி போடப் போகிறேன் என்று கிடைக்கிற நேரமெல்லாம் உழைக்கிறவள். அவள் ஆஸும் ராஜாவும் வைத்துக்கொண்டு ஈடு கட்டினாள். நடுவில் நாலாவது சீட்டாக ஒரு ஆஸ் வந்து உட்கார்ந்தது. காத்தான் முழங்காலில் கையூன்றி எழுந்தார். அந்தச் சுவரோரம்தான் இந்த மாதம் நம் தலையில் எழுதியிருக்கிறது என்றார்.

பாவாயியின் கண் காத்தான் மேல் இல்லை. உஷாராணியின் முகத்தில் இருந்தது. கடைசி பஸ்ஸைக் கோட்டை விட்டவள் முகம் மாதிரி இருந்தது அது.

அப்போதுதான் எல்லாம் வரிசையாக வந்து பொருந்தியது. போன மாதம் ஆட்டையாம்பட்டியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் பாவாயி ஒரு நாள் லீவு போட்டாள். அன்றைக்கு அவள் தறியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது உஷாராணிதான். மறுநாள் வந்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வடை நின்றுபோயிருந்தது. விலைவாசி என்று பாவாயி நினைத்துக்கொண்டிருந்தாள்.

இனித் தோற்றுப் பிரயோசனமில்லை. கடைசி இடத்தைக் காத்தான் எடுத்துக்கொண்டுவிட்டார். சுவரோர ஜோடி வேண்டுமென்றால் அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இரண்டு பேருக்கும் அது வேண்டும் என்றால், முன்னால் இருப்பவள்தான் முதலில் கேட்பாள். பாவாயி தன் முன்னால் குவிந்திருந்த பொத்தான்களை அன்றைக்கு முதல்முறையாக நேராக அடுக்கி வைத்தாள்.

அப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்லுவார்கள். அருணகிரியும் பிரபாவும் இன்னும் அவளுக்குப் பயந்துகொண்டுதான் இருந்தார்கள். பாவாயி தள்ளத் தள்ள அவர்கள் கட்டிய பொத்தான்கள் கொஞ்சம் கொஞ்சமாக இவள் பக்கம் வந்தன. அருணகிரி கடைசியில் பொறுமையிழந்து உஷாராணியிடம் மோதிப் போனான். பிரபா மிச்சமிருந்த கொஞ்சத்தையும் ஒரு ஜாக்கியை நம்பிப் பாவாயியிடம் தள்ளி, ஜோடி பத்திடம் தோற்றாள். மேசையில் இருவர் மட்டும். உஷாராணியின் அடுக்கு பாவாயியுடையதைவிட ஒரு கைப்பிடி உயரம்.

பக்கத்துத் தெரு ஆள் ஒருவர் வாசலில் நின்று, டிரான்ஸ்பார்மரில் இருந்து லைன்மேன் இறங்கிவிட்டார், ஏணியை வண்டியில் ஏற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த நேரமும் மின்சாரம் வரலாம். வந்தால் உஷாராணி முதல்.

“ஏனுங்கக்கா” என்றாள் உஷாராணி, சீட்டைத் தொடாமலே. “இத்தனை மாசமா சொவுத்தோரத்துல கெடந்து சீரழிஞ்சீங்க. இந்த மாசமாச்சும் சன்னலுப் பக்கம் போயிக் காத்து வாங்குங்க.”

“நீ வாங்கு கண்ணு. சின்ன வயசு, உனக்குத்தான் காத்து வேணும்.”

“எனக்குக் காத்து ஒத்துக்காதுங்க. சளி புடிச்சுக்கும்.”

“எனக்குந்தான். பொறவு ஊட்டுல ஆரு பாப்பாங்க?”

இந்தப் பொம்பளைகள் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டு தான் பார்த்ததே இல்லையே என்று காத்தான் அருணகிரியிடம் முணுமுணுத்தார்.

பாவாயிக்கு வந்தது ராணியும் நாலும். நல்ல கை என்றும் சொல்ல முடியாது, மட்டமான கை என்றும் சொல்ல முடியாது. அவள் வாழ்நாள் முழுவதும் கவிழ்த்து வந்த கை. காலையிலிருந்து எத்தனையோ முறை தள்ளிவிட்டாள். தோற்பதற்காகத் தள்ளும்போது பொத்தானுக்கு எடையே இருக்கவில்லை. இப்போது ஒவ்வொன்றும் படிக்கல் மாதிரி கனத்தது. இன்னும் நல்ல சீட்டு வரும் என்று ஒரு மனசு சொன்னது. வரும். ஆனால் அதற்கு முன்னால் கரண்ட் வரும். அதோடு எதிரில் இருப்பவள் பயந்து ஓடுகிற ஆளும் இல்லை. பாவாயி குப்பையை வைத்துக்கொண்டு தள்ளுகிறவள் என்பது ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

தள்ளினாள். இரண்டு பொத்தான் பலகையை விட்டு உருண்டு கீழே விழுந்தன.

“ஆல் இன்” என்றாள். வார்த்தை சரியாகவே வந்தது.

உஷாராணி கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்தாள். “நான் ஒண்ணும் அருணகிரியில்லீங்கக்கா” என்று சொல்லி ஈடு கட்டிவிட்டுச் சீட்டைத் திறந்தாள். ராஜாவும் ஒன்பதும்.

ஜெயபிரகாஷ் மூன்று சீட்டைத் திறந்தான். ஜாக்கி, ஏழு, நாலு. பாவாயியின் அந்த அற்ப நாலுக்கு ஒரு ஜோடி கிடைத்துவிட்டது. அடுத்தது பத்து. காத்தான் முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்றார். கடைசிச் சீட்டு மூன்று. ராஜாவும் வரவில்லை, ஒன்பதும் வரவில்லை; குவியல் பாவாயிக்கு.

ஈடுக்குக் கொடுத்தது போக உஷாராணியிடம் ஒரு பிடி பொத்தான் மிஞ்சியது. அடுத்த கைக்கு ஜெயபிரகாஷ் சீட்டைக் கலைக்கும்போது தலைக்கு மேல் மின்விசிறி சுற்றத் தொடங்கியது. சீட்டெல்லாம் பறந்து நூல் மூட்டைக்கு அடியில் போய்ப் புகுந்தது. ஆட்டம் முடிந்தது.

“அக்கா, நீங்கதானுங்க ஃபர்ஸ்ட்” என்றான் ஜெயபிரகாஷ். “சன்னலோரந்தானே?”

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் சோகமாகவும் வைத்துக்கொண்டாள்.

“இல்லீங்க தம்பி. நம்ம காத்தானண்ணனுக்கு முட்டிவலி, பாவம். அந்தப் பாழாப்போன தறியில அவரு என்ன பாடு படுவாரு? எனக்கு அது பழகிப்போச்சு. சொவுத்தோரத்தை நானே வெச்சுக்கறேனுங்க.”

அருணகிரி கண் கலங்கிவிட்டான். பிரபா, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனசா என்றாள். உஷாராணி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், காத்தானுக்கு மட்டும் மீசை இல்லாமல் இருந்திருந்தால்.

“எனக்கு ஆரும் பாவம் பாக்க வேண்டாம்” என்றார் அவர். “முட்டிவலின்னு ஆரு சொன்னா? தோத்தவன் தோத்த தறியை ஓட்டறான்.”

யாரும் தடுப்பதற்குள் விறுவிறுவென்று மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு போய், இரண்டு தறியின் பிடியையும் அடுத்தடுத்து இழுத்துவிட்டார். தறிகள் ஓடத் தொடங்கின. எல்லோரும் பின்னாலேயே போய், முதல் நூல் அறுவதற்காகக் காத்து நின்றார்கள். அறுபடவில்லை. நாடா பறக்கவில்லை. தறியின் சட்டத்தில் காத்தான் கையை வைத்துப் பார்த்தார்; அது ஆடாமல் அசையாமல் இருந்தது. அப்புறம்தான் அவர் கவிழ்த்திருந்த பெட்டியைக் கவனித்தார். நாலாக மடித்த சேலை. செல்போன் வைக்க வளைத்த கம்பி. காலடியில் கடலைத் தோல்.

காத்தான் மெதுவாகப் பெட்டி மேல் உட்கார்ந்தார். காலை நீட்டினார்.

“இதை எப்பக்கா ரிப்பேர் பண்ணுனீங்க?” என்றான் ஜெயபிரகாஷ்.

“ஆடியிலீங்க.”

“இது கார்த்திகைங்க.”

“ஆமாங்க” என்றாள் பாவாயி. பிறகு நிமிர்ந்து, “எந்திரிங்கண்ணா. ஜெயிச்சவ நானு. எனக்கு இந்தத் தறிதான்” என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு நேர் பேச்சை அந்தப் பட்டறை கேட்டதில்லை.

காத்தான் எழுந்திருக்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“நீதான சொன்னே, எனக்கு முட்டிவலின்னு. இப்ப நெசமாலுமே வலிக்குது பாரு.”

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. ஜெயபிரகாஷ் மட்டும் சிரிக்காமல் தறிகளையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். படித்த எஞ்சினியரிங் அவனுக்குள் எங்கோ புரண்டு படுத்தது. தானாக ஓடுகிற ஜோடி என்றால் ஒரு ஆளுக்கு அது பத்தாதே என்றான். மூலையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிற பழைய தறி இரண்டையும் இங்கே இழுத்துப் போட்டுவிடலாம், இங்கே நிற்பவர் நாலு தறியாகப் பார்த்துக்கொள்ளலாம், மீட்டர் அள்ளிக்கொண்டு விழும். மூட்டைகளை அந்தப் பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டால் தன் மேசையிலிருந்தே எல்லாம் தெரியும் என்றும் சொன்னான்.

காத்தான் எழுந்து நின்ற வேகத்தைப் பார்த்தால் அவருக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

“ஜெயிச்சது பாவாயி. ஞாயம்னா ஞாயந்தான். நீயே வெச்சுக்கம்மா” என்றார்.

ஜெயபிரகாஷ் பாவாயியைப் பார்த்தான். உஷாராணி பாவாயியைப் பார்த்தாள். சேலைக் கடையில் பாதி நாள் நிற்கிறவள் அன்றைக்கு ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை.

“சன்னலோரமுங்க” என்றாள்.

“எனக்கு நடுவுல இருக்கறது” என்றாள் உஷாராணி, கிட்டத்தட்ட அதே மூச்சில்.

மூன்றாவதாக வந்த பிரபா எதற்கு எல்லோரும் இப்படி ஓடுகிறார்கள் என்று புரியாமல் விழித்தாள். நாலு தறியா, எனக்குக் கொடுங்கள் அண்ணா, நான் ஓட்டுகிறேன் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, அப்போதே சாக்கை உருவப் போய்விட்டாள். அருணகிரியும் காத்தானும் மிச்சமிருந்த இரண்டு நடு ஜோடிகளைச் சத்தமில்லாமல் பிரித்துக்கொண்டார்கள்.

பட்டறை பழையபடி இரையத் தொடங்கியது. சன்னலோரத் தறியில் முதல் நூல் அறுந்தபோது பாவாயி புடவையைச் செருகிக்கூட முடிக்கவில்லை. முடிச்சுப் போட்டாள். இந்தப் பக்கம் அறுந்தது. திரும்பினாள். காற்று வந்தது, வெளிச்சம் வந்தது, உட்காரத்தான் இடமில்லை.

பக்கத்து ஜோடியிலிருந்து உஷாராணி தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

“ஏனுங்கக்கா, ஒரு நாலை நம்பி எப்படித்தான் தள்ளுனீங்க?”

“கரண்டு வந்துருமேன்னு பயந்துட்டேன்” என்று பாவாயியும் கத்தினாள்.

“வந்துருச்சுங்களே.”

பாவாயிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் இன்னொரு நூல் அறுந்தது.